தேர்தல் சிக்கனம்: யாருக்கு மிச்சம், யாருக்குச் செலவு?

2009 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாடு மே 13 அன்று வாக்களித்தது. மே 16 அன்று முடிவு தெரிந்துவிட்டது. 2016 சட்டமன்றத் தேர்தலிலும் அப்படித்தான்: மே 16 வாக்குப்பதிவு, மே 19 வாக்கு எண்ணிக்கை. இடையில் மூன்றே நாள். 2014 மக்களவைத் தேர்தலில் இந்த இடைவெளி 22 நாள். 2019-இல் 35 நாள். 2024-இல் 46 நாள். ஏப்ரல் 19 அன்று வாக்களித்த நீலகிரி மக்கள், தங்கள் எம்.பி. யார் என்று தெரிந்துகொள்ள ஜூன் 4 வரை காத்திருந்தார்கள். ஏழு கட்ட வாக்குப்பதிவில் தமிழ்நாடு முதல் கட்டத்தில் இருந்ததால் வந்த வினை இது. நாட்டின் மற்ற பகுதிகள் வாக்களித்து முடிக்கும்வரை, உதகை அரசு பாலிடெக்னிக் கல்லூரியின் ‘ஸ்ட்ராங் ரூம்’களில் இயந்திரங்கள் பூட்டிக் கிடந்தன.

அந்த 46 நாளும் அங்கே அடுக்கடுக்காகக் காவல். இரவு பகலாக ஓடும் கேமராக்கள்; அவற்றின் திரைகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் கட்சி முகவர்கள். ஏப்ரல் 27 மாலை அந்தக் கேமராக்கள் சுமார் 20 நிமிடம் செயலிழந்தன. அதிக வெப்பத்தால் ஏற்பட்ட கோளாறு என்று மாவட்ட நிர்வாகம் விளக்கம் தந்தது; உதகையிலேயே வெப்பம் 29 டிகிரியைத் தொட்ட நாட்கள் அவை. விளக்கம் போய்ச் சேரும் முன்பே சந்தேகம் மாநிலம் முழுக்கப் பரவிவிட்டது. காவலுக்கும் கேமராவுக்கும் ஆன செலவு ஏதோ ஒரு துறையின் கோப்பில் இருக்கும். மூன்று நாள் காவல் 46 நாளாக நீண்டதில் இந்த மாவட்டத்துக்குக் கூடுதலாக எவ்வளவு ஆனது என்பது மட்டும் பொதுமக்கள் பார்வைக்கு வரவில்லை.

தேர்தல் நடைமுறையை மாற்றினால் அரசுப் பணம் மிச்சமாகும் என்ற பேச்சு சில ஆண்டுகளாகவே ஓங்கி ஒலிக்கிறது. சிக்கனம் வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால், ஒவ்வொரு மாற்றத்திலும் ஒருவருக்கு மிச்சமாவது இன்னொருவர் தலையில் செலவாக ஏறுகிறது. அந்த இன்னொருவர் பெரும்பாலும் கணக்கெழுதும் இடத்தில் இருப்பதில்லை. மலை மாவட்டம் ஒன்றில் நின்று பார்த்தால் இது பளிச்சென்று தெரியும்.

டெல்லி போடும் கணக்கு

மக்களவைக்கும் சட்டமன்றங்களுக்கும் ஒரே நேரத்தில் தேர்தல் நடத்துவதற்கான அரசமைப்புச் சட்ட 129-ஆவது திருத்த மசோதா 2024 டிசம்பர் 17 அன்று மக்களவையில் அறிமுகமானது. அறிமுகத்துக்கே வாக்கெடுப்பு தேவைப்பட்டது: ஆதரவு 269, எதிர்ப்பு 198. பிறகு நாடாளுமன்றக் கூட்டுக்குழுவுக்கு அனுப்பப்பட்டது. இதற்கு அடிப்படையான ராம்நாத் கோவிந்த் குழுவின் அறிக்கை 18,626 பக்கம். அக்குழுவிடம் அளிக்கப்பட்ட ஒரு பொருளாதார ஆய்வு, சேர்ந்து தேர்தல் நடந்த காலங்களில் வளர்ச்சி விகிதம் ஒன்றரை சதவீதப் புள்ளி கூடுதலாக இருந்ததாகச் சொல்கிறது. நாடு முழுவதும் சேர்ந்து தேர்தல் நடந்தது 1967 வரைதான். அந்தக் காலத்துப் பொருளாதாரத்தை வைத்து இன்றைய வளர்ச்சிக்கு ஆரூடம் சொல்வதில் எச்சரிக்கை வேண்டும்.

கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய எண்கள் வேறு. முதல் பொதுத்தேர்தலுக்கு அரசு செலவழித்தது 10 கோடியே 45 லட்சம் ரூபாய். வாக்காளர் ஒருவருக்கு 60 பைசா. 2014 மக்களவைத் தேர்தலுக்கு 3,870 கோடி; வாக்காளர் ஒருவருக்கு 46 ரூபாய். மலைக்க வைக்கும் உயர்வுதான். ஆனால், அந்த ஆண்டின் மத்திய பட்ஜெட் ஏறத்தாழ 18 லட்சம் கோடி. 100 ரூபாய்ச் செலவில் 22 பைசா தேர்தலுக்குப் போயிருக்கிறது, அதுவும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை. 2019 தேர்தலில் 55 ஆயிரம் முதல் 60 ஆயிரம் கோடி வரை புழங்கியதாக ஊடக ஆய்வு மையம் மதிப்பிட்டது. அதில் பெரும்பங்கு கட்சிகளும் வேட்பாளர்களும் இறைத்த பணம். நடைமுறைச் சீர்திருத்தம் பேசுகிறவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்து ‘தேர்தல் செலவு’ என்று ஒரே பேரில் சொல்லும்போது கேட்பவருக்குக் குழப்பமே மிஞ்சுகிறது. கட்சிகள் கொட்டும் பணம், தேர்தலைச் சேர்த்து நடத்தினால் அரசுக் கஜானாவுக்கு வந்துவிடாது.

இயந்திரத்தின் விலை

நடைமுறை மாற்றம் பலன் தந்ததற்கு நல்ல உதாரணங்கள் நம் பக்கத்திலேயே உண்டு. 1996-இல் ஈரோடு மாவட்டம் மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 பேர் போட்டியிட்டார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சிட வேண்டியிருந்தது. அந்தத் தொகுதிக்குத் தேர்தலையே தள்ளிவைத்தார்கள். அந்த ஆண்டே மக்களவை வேட்பாளரின் டெபாசிட் தொகை 500-லிருந்து 10 ஆயிரமாகவும், சட்டமன்ற வேட்பாளருக்கு 250-லிருந்து 5 ஆயிரமாகவும் உயர்த்தப்பட்டது. 1996 மக்களவைத் தேர்தலில் 13,952 பேர் நின்றார்கள். 1998-இல் 4,750 பேர். அரசுக்குச் செலவே இல்லாத மாற்றம், பெரிய மிச்சம். அதிலும் ஒரு விலை இருந்தது: காசில்லாதவர் வேட்பாளராவது கடினமாயிற்று.

மின்னணு இயந்திரம் அடுத்த மாற்றம். பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் அதை உருவாக்கியதில் எஸ்.ரங்கராஜன் என்கிற நம் எழுத்தாளர் சுஜாதாவுக்குப் பெரும் பங்கு உண்டு. 1982-இல் கேரளத்தின் பரவூரில் 50 வாக்குச்சாவடிகளில் சோதனை; 2001-இல் தமிழ்நாடு முழுவதும்; 2004-இல் நாடு முழுவதும். வாக்குச்சீட்டு அச்சடிப்பு குறைந்தது, செல்லாத ஓட்டுத் தகராறு குறைந்தது, விடிய விடிய நடந்த எண்ணிக்கை சில மணி நேரமாயிற்று. பிறகு நம்பகத்தன்மைக் கேள்வி எழுந்தது; 2013 உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து, பதிவான ஓட்டைச் சீட்டில் காட்டும் விவிபேட் படிப்படியாக வந்தது. செலவு மறுபடி ஏறியது. அது தேவையான செலவு. வாக்காளரின் நம்பிக்கைக்காகக் கொடுத்த விலை.

சேர்ந்து நடத்தும் தேர்தலில் இந்த இயந்திரக் கணக்கு தலைகீழாகிறது. இப்போது ஒரு மாநிலத்தில் தேர்தல் முடிந்ததும் இயந்திரங்களை லாரியேற்றி அடுத்த மாநிலத்துக்கு அனுப்ப முடியும். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் என்றால் எல்லோருக்கும் தனித்தனியாக வேண்டும், அதுவும் சாவடிக்கு இரண்டிரண்டாக. சுதர்சன நாச்சியப்பன் தலைமையிலான நாடாளுமன்ற நிலைக்குழு 2015-இல் அளித்த அறிக்கையிலேயே, இயந்திரங்கள் வாங்க 9,284 கோடி தேவை என்று தேர்தல் ஆணையம் சொன்னது பதிவாகியிருக்கிறது. 2023-இல் ஆணையம் சட்ட அமைச்சகத்துக்கு அளித்த மதிப்பீடு, ஒவ்வொரு 15 ஆண்டுக்கும் சுமார் 10 ஆயிரம் கோடி. வாக்களிக்கும் கருவி 7,900 ரூபாய், கட்டுப்பாட்டுக் கருவி 9,800, விவிபேட் 16,000. ஒரு ‘செட்’ 33,700. நீலகிரி மாவட்டத்தின் ஏறத்தாழ 690 சாவடிகளுக்கு இன்னொரு ‘செட்’ வாங்கினால் 2 கோடியே 32 லட்சம், பழுதுக்கான மாற்று இயந்திரங்கள் இல்லாமல். இயந்திரத்தின் ஆயுள் 15 ஆண்டு. அதற்குள் அது பார்க்கப்போவது மூன்று பொதுத்தேர்தல். மற்ற நாளெல்லாம் கிடங்கில் காவலோடு இருக்கும்.

ஒரு சாவடிக்குப் போகும் வழி

காகிதத்தில் ‘ஒரு வாக்குச்சாவடி’ என்று எழுதினால் சென்னை மயிலாப்பூரும் தெங்குமரஹாடாவும் ஒன்றுதான். தெங்குமரஹாடா கோத்தகிரி வட்டத்தில் இருக்கிறது. ஆனால், கோத்தகிரியிலிருந்து நேராக வண்டி போகாது. மலையிறங்கி, மேட்டுப்பாளையம், பவானிசாகர் என்று சுற்றி, காட்டுக்குள் போய், மாயாற்றைத் தாண்ட வேண்டும். ஆற்றில் நீர் கூடினால் பரிசல்தான். ஒரு தலைமை அலுவலர், மூன்று வாக்குப்பதிவு அலுவலர்கள், போலீஸ், பெட்டிகள். யானை நடமாட்டம் உள்ள பாதையில் இருட்டுவதற்குள் போய்ச் சேர வேண்டும். மறுநாள் சீல் வைத்த இயந்திரத்தோடு அதே வழியில் திரும்ப வேண்டும். இத்தனையும் சில நூறு ஓட்டுக்காக. ஓட்டுக்கு ஆகும் செலவு என்று வகுத்துப் பார்த்தால் இந்தச் சாவடியை மூடிவிடலாம் என்று எந்தக் கணக்காளரும் சொல்வார். மூடாமல் இருப்பதுதான் குடியாட்சி.

ஆகவே, செலவைக் கூட்டும் மாற்றமெல்லாம் தவறல்ல. கொரோனா காலத்தில் ஒரு சாவடிக்குச் சுமார் ஆயிரம் வாக்காளர் என்று வரம்பு வைத்ததால், 2021-இல் தமிழ்நாட்டில் 88,937 சாவடிகள் அமைந்தன. 2024-இல் அவை 68,321 ஆகக் குறைந்தன. ஒரே ஒரு விதி மாறியதில் 20 ஆயிரம் சாவடிகளின் வேறுபாடு. சாவடிக்கு நான்கு பேர் என்றாலும் 80 ஆயிரம் ஊழியர்கள். அந்தச் செலவால் வரிசை குறைந்தது, முதியவர்கள் வெயிலில் நிற்பது குறைந்தது. 2025-இல் வரம்பை 1,200 என்று ஆணையம் வகுத்திருப்பதும் இதே நியாயத்தில்தான். 85 வயது கடந்தவர்களும் மாற்றுத்திறனாளிகளும் 12-டி படிவம் கொடுத்து வீட்டிலிருந்தே வாக்களிக்கும் வசதியும் அப்படியே. ஓர் ஓட்டுக்காக அலுவலர்கள், வீடியோ எடுப்பவர், போலீஸ் என்று ஒரு குழுவே தேயிலைத் தோட்டத்து ‘லைன்’ வீட்டுப் படியேறுகிறது. இது வீண் செலவு என்று சொல்ல எனக்கு மனம் வராது.

அதே தோட்டத்தில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து கொழுந்து பறிப்பவர்கள். வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுப்பு தர வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135-பி பிரிவு சொல்கிறது. அந்த ஒரு நாள் கூலி, ஓட்டு சொந்த ஊரில் இருப்பவருக்கு எதற்குப் போதும்? ரயில் கட்டணமும் போகவர ஆகும் நாட்களின் கூலியும் அவர் கைப்பணம். இவர்களுக்காக, ஒரே இயந்திரத்தில் 72 தொகுதிகள் வரை கையாளும் தொலைதூர வாக்குப்பதிவு இயந்திரத்தை ஆணையம் 2023 ஜனவரி 16 அன்று கட்சிகளுக்குக் காட்ட முயன்றது. கட்சிகளின் எதிர்ப்பில் அது நின்றுபோனது. அரசு அந்தப் பணத்தைச் செலவழிக்கவில்லை. தொழிலாளி தன் ஓட்டைச் செலவழித்துக்கொண்டிருக்கிறார்.

சீசனும் நன்னடத்தை விதியும்

நீலகிரியில் தேர்தலின் பெரிய செலவு எந்த அரசுக் கோப்பிலும் வராதது. 2024-இல் நடத்தை விதிகள் மார்ச் 16 அன்று வந்து ஜூன் 6 வரை இருந்தன: 82 நாள். கோடை சீசனும் அதுதான். மழைக்கு முன் சாலை, கால்வாய், தடுப்புச்சுவர் வேலைகளை முடிக்கும் காலமும் அதுதான். ஜூனில் தென்மேற்குப் பருவமழை வந்துவிட்டால் மலையில் புது வேலைக்கு மண் இடம் கொடுக்காது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியதை இந்த மாவட்டம் மறக்கவில்லை. ஏற்கெனவே தொடங்கிய வேலைக்கு விதிகளில் தடையில்லை. புது டெண்டருக்கு உண்டு. சமவெளி மாவட்டம் ஜூலையில் ஈடுகட்டிவிடும். மலை மாவட்டத்துக்கு ஒரு வருடம் போனது போனதுதான்.

அடுத்து ரொக்கம். 50 ஆயிரத்துக்கு மேல் கையில் வைத்திருந்தால் ஆவணம் காட்ட வேண்டும். மலைக் காய்கறியை மேட்டுப்பாளையம் மண்டியில் ஏலத்தில் விற்று, பணத்தோடு திரும்பும் விவசாயிக்கும் வியாபாரிக்கும் தேர்தல் காலம் வயிற்றில் புளியைக் கரைக்கும் காலம். 2024 மார்ச்சில் பஞ்சாபிலிருந்து உதகைக்கு வந்த சுற்றுலாக் குடும்பத்தின் 69,400 ரூபாயைப் பறக்கும் படை பறிமுதல் செய்தது. விடுமுறைக்காகச் சேர்த்த பணம் என்று அந்தப் பெண் கண்கலங்கிய வீடியோ நாடெங்கும் ஓடியது. பணம் பிறகு திரும்பக் கிடைத்தது. அதே ஆண்டு ஏப்ரலில் தாளூரில் ராகுல் காந்தி வந்திறங்கிய ஹெலிகாப்டரையும் பறக்கும் படை சோதித்தது. விதி எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால், ஓட்டுக்குப் பணம் கொடுத்ததற்காக நம் மாநிலத்தில் தேர்தல் ரத்தானது அரவக்குறிச்சி, தஞ்சாவூர், ஆர்.கே.நகர், வேலூர் என்று சமவெளித் தொகுதிகளில். அவற்றில் இரண்டாவது முறை தேர்தல் நடத்திய செலவும் மக்கள் பணம்தான்.

சேர்ந்து தேர்தல் நடத்தச் சொல்பவர்களின் வலுவான வாதம் இங்கேதான் இருக்கிறது. ஐந்தாண்டில் இரண்டு சீசன் கெடுவதற்குப் பதில் ஒன்றோடு போகட்டும் என்கிறார்கள். ஒப்புக்கொள்ள வேண்டிய வாதம். ஆனால், இந்த மிச்சத்துக்கு அரசமைப்புச் சட்டத்தைத் திருத்த வேண்டியதில்லை. 2024-இல் அறிவிப்பு மார்ச் 16, வாக்குப்பதிவு ஏப்ரல் 19. அடுத்த மூன்று நாளில் எண்ணியிருந்தால் 40 நாளுக்குள் எல்லாம் முடிந்து, மே மாத மலர்க் கண்காட்சிக்கு முன்பே மாவட்டம் இயல்புக்குத் திரும்பியிருக்கும். தடையாக இருந்தது ஏழு கட்டம். கட்டங்கள் கூடுவது துணை ராணுவத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்த வேண்டியிருப்பதால். மக்களவை, சட்டமன்றம் இரண்டையும் நாடு முழுவதும் சேர்த்து நடத்தினால் அந்தத் தேவை குறையுமா, கூடுமா?

நாடுகாணிச் சோதனைச்சாவடியில்

கூடலூரிலிருந்து நாடுகாணி வழியாகக் கீழிறங்கினால் கேரளத்தின் நிலம்பூர். அங்குள்ள வாக்காளர் 2024 ஏப்ரலில் வயநாடு மக்களவைத் தொகுதிக்கு வாக்களித்தார். ராகுல் காந்தி ரேபரேலியை வைத்துக்கொண்டு வயநாட்டை விட்டதால், நவம்பர் 13 அன்று மறுபடி வாக்களித்தார். சட்டமன்ற உறுப்பினர் பதவி விலகியதால் 2025 ஜூன் 19 அன்று மூன்றாவது முறை. 14 மாதத்தில் மூன்று தேர்தல். ‘ஒரே நாடு, ஒரே தேர்தல்’ வந்தாலும் இந்த இடைத்தேர்தல்கள் நிற்காது. இரண்டு தொகுதியில் ஒருவர் நிற்பதைத் தடை செய்யுங்கள், முடியாவிட்டால் இடைத்தேர்தல் செலவுக்காக அவரிடம் சட்டமன்றத்துக்கு 5 லட்சம், மக்களவைக்கு 10 லட்சம் வாங்குங்கள் என்று ஆணையம் 2004-இலேயே பரிந்துரைத்தது. எந்தக் கட்சி அரசும் அதைத் தொடவில்லை. 2023-இல் உச்ச நீதிமன்றமும் இது நாடாளுமன்றத்தின் வேலை என்று விட்டுவிட்டது.

மசோதாவில் இன்னொன்றும் உண்டு. சட்டமன்றம் இடையில் கலைந்தால், புதிய சட்டமன்றம் மிச்சமிருக்கும் காலத்துக்கு மட்டுமே இருக்கும். நம் வரலாற்றில் பொருத்திப் பாருங்கள். 1984 டிசம்பரில் மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் சேர்ந்தே வாக்களித்தோம். எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பிறகு 1988-இல் ஆட்சி கலைந்தது; 1989 ஜனவரியில் தேர்தல். புதிய விதிப்படி அந்தச் சட்டமன்றத்தின் ஆயுள் ஏறத்தாழ ஓராண்டு. உடனே இன்னொரு தேர்தல். இதில் மிச்சம் எங்கே? 1971, 1984, 1991, 1996 என்று தமிழ்நாடு சேர்ந்து வாக்களித்த தேர்தல்கள் பல. அவை அரசியல் போக்கில் அமைந்தவை. கட்டாயத்தில் அமைந்தவை அல்ல.

நடத்தாத தேர்தலின் செலவு

எல்லாவற்றிலும் மலிவானது நடத்தாத தேர்தல். நீலகிரியின் 35 ஊராட்சிகளுக்கும் நான்கு ஒன்றியங்களுக்கும் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. தேர்தல் வரவில்லை, தனி அலுவலர்கள் வந்தார்கள். வெலிங்டன் கண்டோன்மென்ட்டில் வாரியத்தின் காலம் 2021-இல் முடிந்தது. 2023 ஏப்ரல் 30 என்று அறிவித்த தேர்தலை மார்ச்சிலேயே ரத்து செய்தார்கள். 2016 முதல் 2019 வரையும் தமிழ்நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி இல்லை. அப்போது 14-ஆவது நிதி ஆணைய மானியத்தை மத்திய அரசு நிறுத்திவைத்தது. தேர்தல் செலவை மிச்சம் பிடித்து, குடிநீருக்கும் தெருவிளக்குக்கும் வரவேண்டிய பணத்தை இழந்தோம்.

‘பணமில்லை’ என்ற காரணம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இலங்கை சாட்சி. 2023 மார்ச் 9 அன்று நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தலை நிதியில்லை என்று நிறுத்தினார்கள். அது மக்களின் அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஆகஸ்ட் 22 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தல் நடந்தது 2025 மே 6 அன்று. திவாலான நாட்டின் நீதிமன்றமே தேர்தல் செலவைத் தவிர்க்க முடியாத செலவு என்று பார்த்திருக்கிறது.

ஆகவே, கூட்டுக்குழுவும் தேர்தல் ஆணையமும் தமிழ்நாடு அரசும் செய்ய வேண்டியவை இவை. ஒன்று, ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் மாவட்ட வாரியாகச் செலவுக் கணக்கை வெளியிட வேண்டும். காவல், வாகனம், பயிற்சி, காவல் நாட்கள் எல்லாம் தனித்தனியாக. இரண்டு, அறிவிப்பிலிருந்து முடிவு வரையிலான காலத்துக்கு 45 நாள் என்று உச்சவரம்பு வைக்க வேண்டும். மூன்று, இரண்டு தொகுதிப் போட்டிக்கு முற்றுப்புள்ளி வைக்க வேண்டும். நான்கு, மண்டி ரசீது வைத்திருக்கும் விவசாயியின் பணத்தை அந்த இடத்திலேயே விடுவிக்கப் பறக்கும் படைக்கு அதிகாரம் தர வேண்டும். ஐந்து, உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதத்துக்கும் மாநில அரசு சட்டமன்றத்தில் எழுத்துமூலம் காரணம் சொல்ல வேண்டும்.

இவற்றில் ஒன்றுக்கும் அரசமைப்புச் சட்டத்தைத் திருத்த வேண்டியதில்லை. 10 ஆயிரம் கோடிக்கு இயந்திரம் வாங்கவும் வேண்டியதில்லை. சிக்கனத்தில் உண்மையான அக்கறை உள்ளவர்கள் இங்கிருந்து தொடங்கட்டும். தேர்தலின் எண்ணிக்கையைக் குறைக்கும் யோசனையை அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.